கட்டுரைத் தொகுப்பு வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அபுனைவுக் கட்டுரைகள் (கற்பனைக் கதையாக இல்லாமல் உண்மையைச் சொல்பவை) பக்கம் புதிதாக வருகிறவர்களோடு சேர்ந்து வாசிப்பது என் வழக்கம். ஆரம்பத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். முன்னுரையைத் தாண்டிப் போவது, பாதியில் வைத்துவிடுவது எல்லாம் பெரிய விஷயமில்லை. விட்டுவிடலாம்.

கருத்தைப் பிழிந்தெடுப்பது

இந்த ஒன்றுதான் இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1955-இல் வெளியிட்ட 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' தொகுப்பின் தலைப்புக் கட்டுரையை ஒரு நண்பருக்குப் படிக்கக் கொடுத்தேன். மறுநாளே வந்துவிட்டார். "படிச்சாச்சு. நிறவெறி தப்பு, வெறுப்பு நம்மளையே அழிச்சிடும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்றால் இத்தனை பக்கம் எதற்கு?

1943 ஜூலை 29 அன்று பால்ட்வினின் அப்பா இறக்கிறார். அதே நாளில், சில மணி நேரம் கழித்து, அந்த அப்பாவின் கடைசிக் குழந்தை பிறக்கிறது. இறுதிச் சடங்கு நடக்கும் நாள் பால்ட்வினின் பத்தொன்பதாவது பிறந்தநாள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கலவரம் வெடித்துவிட, மறுநாள் காலை உடைந்து கிடக்கும் கண்ணாடிகளுக்கு நடுவே சவ ஊர்தி போகிறது. அப்பாவும் மகனும் ஒத்துப்போனதே இல்லை. ஒரு நாள் தேவாலயத்துக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அப்பா திடீரென்று கேட்கிறார்: பிரசங்கம் செய்வதைவிட எழுதுவதுதான் உனக்குப் பிடிக்கும், இல்லையா? "ஆமாம்" என்கிறார் மகன். இருவரும் உண்மையாகப் பேசிக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்த இடத்தைப் பற்றி நண்பரிடம் கேட்டேன். "அப்படி ஒண்ணு வந்துச்சா?" என்றார்.

நிறவெறி தப்பு என்பது கட்டுரையைத் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்ததையே எடுத்துக்கொண்டு, தெரியாததை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்படிப் பத்துக் கட்டுரை படித்தால் எல்லாமே உபதேசம் போலத் தோன்றும். பிறகு இந்தப் பக்கமே வரமாட்டார்கள். படித்து முடித்ததும் சாரத்தைத் தேடாதீர்கள். எழுதியவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார், எதைச் சொல்லத் தயங்குகிறார் என்று பாருங்கள்.

ஒரே மூச்சில் முடிப்பது

ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

"விஷயத்தை விட்டு விலகுகிறாரே" என்று கோபிப்பது

1580-இல் முதல் கட்டுரைகளை அச்சிட்ட பிரெஞ்சு எழுத்தாளர் மோன்தேன் அப்படித்தான் அலைந்து திரிந்தார். அச்சாகி வந்த பிரதியின் ஓரங்களிலும் சாகும்வரை எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். கூடவே நடந்து பாருங்கள், எங்கே போகிறார் என்று தெரியும்.

எடுத்த எடுப்பில் விசாரணை

பர்மாவில் யானையைச் சுட்டதாக ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1936-இல் எழுதியது அப்படியே நடந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நியாயமான கேள்விதான், உண்மை என்று சொல்லி எழுதினால் உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் முதுகுக்குப் பின்னால் கூட்டம் நிற்க, மனமில்லாமல் ஒருவர் துப்பாக்கியை உயர்த்துவதை முதலில் படித்துவிடுங்கள். அப்புறம் சண்டை போடலாம்.

முதல் கட்டுரை பிடிக்காமல் மூடிவைப்பது

பொருளடக்கத்தில் கண்ணில் படுகிற தலைப்பிலிருந்து தொடங்கினால் யாரும் கேட்கப்போவதில்லை. பல பேர் எழுதிய தொகுப்பென்றால் எப்படி வேண்டுமானாலும் தாவலாம். ஒரே ஆள் எழுதியதென்றால் கடைசிக் கட்டுரையை மட்டும் கடைசிக்கே விட்டுவையுங்கள். அதைப் பெரும்பாலும் யோசித்துத்தான் அங்கே வைத்திருப்பார்கள்.