வைரஸ் வகைகளை நினைவில் வைக்க ஒரே கேள்வி போதும்

வைரஸ்களை மரபுப்பொருளின் அடிப்படையில் பிரிக்கும் ஏழு பால்டிமோர் வகுப்புகளை மனப்பாடம் செய்ய முயல்வதற்கு முன், ஒவ்வொரு வைரஸைப் பற்றியும் "இதன் மரபுப்பொருளிலிருந்து தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் இழை) எப்படி உருவாகிறது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், வகுப்பும் பெருகும் முறையும் பெரும்பாலும் அந்த விடையிலேயே கிடைத்துவிடும்.

வைரஸுக்குச் சொந்த ரைபோசோம் கிடையாது. செல்லின் ரைபோசோமோ தூது ஆர்.என்.ஏ.வை மட்டுமே படித்துப் புரதம் செய்யும் என்பதால், எந்த வைரஸும் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். போலியோ வைரஸின் நேர்மறை இழை ஆர்.என்.ஏ. தானே தூதாகச் செயல்படுவதால், செல்லுக்குள் நுழைந்ததும் அதிலிருந்து புரதம் உருவாகத் தொடங்குகிறது. ரேபிஸ், இன்ஃப்ளூயன்சா வைரஸ்களின் எதிர்மறை இழை தூதின் எதிர்ப்படி என்பதால், அதை ரைபோசோம் படிக்க இயலாது. அதிலிருந்து நேர்மறை இழையை உருவாக்கும் நொதியும் செல்லில் ஆயத்தமாக இல்லாததால், அவ்வைரஸ்கள் அந்த நொதியைத் துகளுக்குள்ளேயே சுமந்து வருகின்றன. எந்த வைரஸ் நொதியோடு வர வேண்டும் என்பதைத் தனியாக மனப்பாடம் செய்யும் சுமை இதனால் வெகுவாகக் குறைகிறது.

எச்.ஐ.வி.யிடம் மட்டும் கவனமாக இருங்கள்: அதன் ஆர்.என்.ஏ. நேர்மறை இழையே ஆனாலும், நேரடியாகத் தூதாகப் பயன்படாமல், முதலில் டி.என்.ஏ.வாக மாற்றப்பட்டு, செல்லின் குரோமோசோமில் இணைந்த பிறகே தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. வடிவத்தையோ கொழுப்புறையையோ அறிய இக்கேள்வி உதவாது; போலியோ வைரஸும் கொரோனா வைரஸும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை என்றாலும், முன்னதற்குக் கொழுப்புறை இல்லை, பின்னதற்கு உண்டு.