பிரெஸ்பாவில் ஆரம்பித்து ஸ்ட்ருகாவில் முடியுங்கள்

வடக்கு மாசிடோனியா போகிறவர்கள் பெரும்பாலும் தலைநகர் ஸ்கோப்யேயில் இறங்கியதும் நேராக ஏரிக்கரை ஊரான ஓஹ்ரிட்டுக்கு பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மன்னார்குடியில் என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் வேறு வழி சொல்வேன். பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊரானாலும் தலைமடையிலிருந்து கடைமடைக்குப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். அங்கே தலைமடை பிரெஸ்பா ஏரி. கடைமடை ஸ்ட்ருகா. நடுவில் கலிச்சிட்சா என்று ஒரு மலை.

முதலில் விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, பலமுறை நுழையக்கூடியது, செல்லுபடியாக இருந்தால், இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் தனி விசா இல்லாமல் பதினைந்து நாள் வரை தங்கலாம். நீங்கள் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் அந்த விசாவில் ஐந்து நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். இந்த விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், டிக்கெட் போடுமுன் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். ஜெர்மனியில் மகன் வீடு, மகள் வீடு என்று போகிறவர்கள் ஒருமுறை நுழைவு விசா வாங்கியிருந்தால் இந்தப் பயணத்தை மறந்துவிடலாம். நேர் விமானம் கிடையாது, இஸ்தான்புல்லில் மாற வேண்டும். பணம் டெனார், ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 61.

எப்போது போவது? நிலம் வைத்திருப்பவர்கள் மே கடைசியில் கிளம்பி, ஜூன் 12 மேட்டூர் திறப்புக்குள் ஊர் திரும்பிவிடுங்கள். அதற்குள் மலைப்பாதையில் பனி விலகியிருக்கும், கூட்டமும் சேர்ந்திருக்காது. நிலம் நீச்சு இல்லாதவர்களுக்குச் செப்டம்பர் இன்னும் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் ஓஹ்ரிட்டில் அறை வாடகை ஏறிவிடும், கரையில் கால் வைக்க இடம் இருக்காது.

ஸ்கோப்யேயிலிருந்து பிட்டோலாவுக்கு பஸ். பிட்டோலாவில் ஒரு ராத்திரி போதும். காலையில் அலெக்சாண்டரின் தந்தை இரண்டாம் பிலிப் நிறுவிய பழைய நகரம் ஹெராக்ளியாவின் மொசைக் தரைகள், சாயங்காலம் ஷிரோக் சோகாக் தெருவில் காபி. அங்கிருந்து ரெசென். ஆப்பிள் தோப்புகளுக்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டினால் பிரெஸ்பா. மூன்று நாடுகள் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் ஏரி. 2018இல் இந்த நாட்டுக்குக் கிரேக்கத்தோடு இருந்த பெயர்த் தகராறைத் தீர்த்த ஒப்பந்தம் கையெழுத்தானதும் இதன் கிரேக்கக் கரையில்தான். சில பத்தாண்டுகளாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போய், பழைய கரைக்கும் இன்றைய நீருக்கும் நடுவே நாணல் மண்டிக் கிடக்கிறது. ஓஹ்ரிட்டில் தளும்பும் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்தப் பற்றாக்குறை தெரியாது. அதனால்தான் முதலில் இங்கே வரச் சொல்கிறேன்.

பிரெஸ்பா கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர், ஓஹ்ரிட் ஏரி 693. பிரெஸ்பாவிலிருந்து வெளியே ஓடும் ஆறு கண்ணுக்குத் தெரியாது. கலிச்சிட்சா சுண்ணாம்புக்கல் மலை. அதன் வெடிப்புகளுக்குள் புகுந்து அடியாகவே தண்ணீர் மறுபக்கம் போய்விடுகிறது. நீங்கள் மலைமேலாகப் போங்கள். பஸ்ஸை நம்ப வேண்டாம். ரெசெனிலேயே டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள், வாடகையை ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் இந்தப் பாதை மூடியிருக்கும். மேலே வண்டியை நிறுத்தி ஏறி நடந்தால் இரண்டு ஏரியும் இரண்டு பக்கமும் தெரியும் இடம் வரும்.

இறங்கியதும் ஓஹ்ரிட் ஊருக்குப் போக வேண்டாம். தெற்கே திரும்பி, அல்பேனிய எல்லையை ஒட்டியிருக்கும் புனித நௌம் மடத்துக்குப் போங்கள். கோயிலைச் சுற்றி மயில்கள் திரியும். நௌமின் கல்லறையில் காது வைத்தால் இதயம் துடிப்பது கேட்கும் என்பார்கள், வரிசையில் நின்று வைத்துப் பார்க்கலாம். ஆனால் அரை நாளை ஊற்றுக்குளத்துக்கு ஒதுக்குங்கள். துடுப்புப் படகில்தான் அழைத்துப் போவார்கள். நடுவில் துடுப்பை நிறுத்தியதும் குனிந்து பாருங்கள்: அடிமணல் அங்கங்கே சின்னச் சின்ன வட்டமாகக் கொதிப்பதுபோல் எழும்பி எழும்பி அடங்கும். பிரெஸ்பாத் தண்ணீர் மலைக்கு அடியில் வந்து இங்கே மேலே வருகிறது. கையை விட்டால் விரல் விறைக்கும். ஆற்று ஊற்றில் குடித்து வளர்ந்தவர்களை அந்தப் படகிலிருந்து இறக்குவது கஷ்டம்.

அங்கிருந்து ஓஹ்ரிட் 30 கிலோமீட்டருக்குள். சீசனில் படகும் உண்டு. 288 மீட்டர் ஆழமான ஏரி, ஐரோப்பாவிலேயே மிகப் பழைய ஏரிகளில் ஒன்று. 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய ஊர் முழுக்க ஏற்றம், கருங்கல் பாவிய சந்து. முழங்கால் வலிக்காரர்கள் கரையோரமாக அறை எடுங்கள், சக்கரப் பெட்டியை நம்பாதீர்கள். கனேயோ பாறைமேல் இருக்கும் யோவான் கோயிலுக்கு வெயில் தாழ்ந்தபின் போங்கள். ஓஹ்ரிட் முத்து என்று விற்பது சிப்பிக்குள் விளைந்த முத்து அல்ல. சிப்பி ஓட்டு மணிமேல் மீன்செதில் பூச்சு. அழகுக்கு வாங்கலாம், முதலீடு என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

சைவக்காரர்களுக்கு வழியுண்டு. தாவ்ச்சே கிராவ்ச்சே: வெள்ளைப் பயறை வேகவைத்து, வெங்காயம், சிவப்பு மிளகாய்த்தூள் சேர்த்து மண்சட்டியில் அடுப்பில் வைத்து எடுப்பது. மேலே லேசாக ஏடு கட்டியிருக்கும், ரொட்டியோடு சாப்பிட வேண்டும். சில கடையில் இறைச்சி போடுவார்கள், "பெஸ் மெசோ" என்று சொல்லிவிடுங்கள். விரதச் சாப்பாட்டை "போஸ்னோ" என்பார்கள். இறைச்சி, பால், முட்டை இருக்காது, மீன் இருக்கக்கூடும். காரம் போதாது, ஊரிலிருந்து பருப்புப்பொடி எடுத்துப் போங்கள்.

கடைசியில் ஸ்ட்ருகா. ஏரி கருப்பு ட்ரிம் என்னும் ஆறாக வெளியேறும் ஊர். ஊருக்கு நடுவே ஆறு, அதன்மேல் பாலங்கள். ஏரியின் மட்டத்தைப் பிடித்துவைக்க ரெகுலேட்டரும் உண்டு, ஷட்டர் பார்த்துப் பழகியவர்கள் விடமாட்டார்கள். ஆகஸ்டில் போனால் பாலத்தில் கவிதை வாசிப்பார்கள். இந்தக் கவிதை விழாவின் பொற்கிரீட விருதை 1983இல் இந்திக் கவிஞர் அக்ஞேய பெற்றார். இன்னும் நாள் இருந்தால் ஆற்றோடு வடக்கே டெபார் அணை வரை போய், மாவ்ரோவோ வழியாக ஸ்கோப்யே திரும்பலாம். இல்லையென்றால் ஸ்ட்ருகாவிலிருந்தே பஸ் இருக்கிறது. செப்டம்பரில் போகிறவர்கள் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு அரைத்த அய்வர் ஒரு பாட்டில் வாங்குங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள்.