மாசமாக இருக்கும்போது கொரோனா வந்தால்: இந்தத் தவறுகள் வேண்டாம்

வீட்டில் கர்ப்பிணிக்குக் கொரோனா என்று தெரிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சளி, காய்ச்சலோடு வீட்டிலேயே சரியாகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் கர்ப்பமாக இல்லாத அதே வயதுப் பெண்களைவிட, கர்ப்பிணிகளுக்கு ஐசியு வரை போகும் ஆபத்து அதிகம். குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது.

"மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தானே செய்யும்." என்னைக் கேட்டால் இதைச் சொல்லி நாளைக் கடத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. எட்டாம் மாதத்தில் மாடி ஏறினால் மூச்சு வாங்கும், அது இயல்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நிறுத்தி நிறுத்திப் பேசினாலோ அதை வயிற்றுப் பாரத்தின் மேல் போடாதீர்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் கர்ப்பிணிக்கு அளவு 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் குழந்தைக்கும் அம்மாவின் ரத்தத்திலிருந்துதான் ஆக்சிஜன் போகிறது. நெயில் பாலிஷோ, வளைகாப்புக்கு வைத்த அடர்ந்த மெஹந்தியோ விரல் நுனியில் இருந்தால் அளவு தப்பாகக் காட்டலாம், வேறு விரலில் வைத்துப் பாருங்கள். அப்போதும் 95-க்குக் கீழேதான் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்து விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. குழந்தைக்கு ஆகாது என்று பயந்து பாராசிட்டமால்கூடப் போடாமல் காய்ச்சலோடு கிடப்பவர்கள் உண்டு, ஆனால் அடங்காத காய்ச்சல்தான் குழந்தைக்குக் கெடுதல், டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போடலாம். இன்னொரு பக்கம், 2021-இல் வீட்டில் யாருக்கோ கொரோனாவுக்கு எழுதிய பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிப் போடுகிறார்கள். அதில் இருக்கக்கூடிய ஃபேவிபிராவிர் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாத மருந்து, டாக்ஸிசைக்ளினும் ஆகாது. வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், அதுவும் 20 வாரத்துக்கு மேல் அது பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம். ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் ஆஸ்பத்திரியில் கொடுப்பது, நீங்களாகப் போட்டால் சர்க்கரை ஏறும். கபசுரக் குடிநீரையும் மூலிகைதானே என்று நினைத்து, சித்த மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள்.

ஓய்வு என்ற பெயரில் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. கர்ப்பத்திலேயே ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும், கொரோனா அதை இன்னும் கூட்டும். அறைக்குள்ளேயே கொஞ்சம் நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

28 வாரம் தாண்டியிருந்தால் குழந்தையின் அசைவைத் தினமும் கவனியுங்கள், காய்ச்சல் மும்முரத்தில் இது மறந்துபோகிறது. அசைவு குறைந்தால் தனிமைப்படுத்தல் முடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டு மாஸ்க்கோடு கிளம்புங்கள். தலைவலியும் கண் மங்கலும் வந்தாலும் அப்படியே, அது ரத்த அழுத்தமாக இருக்கலாம். தள்ளிவைத்த ஸ்கேனைக் குணமானதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அப்புறம் பிரசவம். கொரோனா என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிறந்த குழந்தையை அம்மாவிடமிருந்து பிரித்துப் பால் பவுடர் கரைத்துக் கொடுக்க வேண்டியதும் இல்லை. தாய்ப்பால் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, முதல் சீம்பாலிலிருந்தே கொடுங்கள்.