புதிய தடுப்பாட்டத் திட்டத்தை இருக்கும் வீரர்களுக்குப் பொருத்துவது எப்படி? கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் குறித்த தொடக்கநிலை விளக்கம்

அமெரிக்கப் பல்கலைக்கழக அணியொன்று தன் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டரை (தடுப்பாட்டப் பொறுப்புப் பயிற்சியாளரை) மாற்றியதும், "இனி நாம் 3-4 ஆடுவோமா, 4-2-5 ஆடுவோமா?" என்றுதான் ரசிகர்கள் முதலில் கேட்பார்கள். முன்வரிசையில் எத்தனை பேர், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் எத்தனை பேர், பின்வரிசையில் எத்தனை பேர் என்பதை மட்டுமே அந்த எண்கள் சொல்கின்றன (3-4 என்பதில் பின்வரிசை எண் எழுதப்படுவதில்லை). புதியவர் கொண்டுவரும் திட்டத்தில் எந்தப் பகுதியை இப்போது அணியில் இருக்கும் மாணவர்களால் இந்த ஆண்டே ஆட முடியும் என்பதை அவற்றிலிருந்து அறிய முடியாது. அதைக் கண்டறியும் வழியைத்தான் இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

எடுத்துக்காட்டாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 2020-இல் அந்த அணி ஆறு ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றது. ஆட்டத்துக்குச் சராசரியாக 34.5 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. அதன்பின் கோஆர்டினேட்டர் டான் பிரவுன் விலக்கப்பட்டு, தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லைன்பேக்கர் பயிற்சியாளராக இருந்த மைக் மெக்டொனால்டு 2021-இல் பொறுப்பேற்றார். அந்த ஆண்டு 14 ஆட்டங்களில் சராசரி 17.4 புள்ளிகளாகக் குறைந்தது. அணி 12 ஆட்டங்களை வென்றது. களமிறங்கியவர்களில் பெரும்பாலோர் முன்பே அங்கிருந்தவர்கள்தாம் என்பதால், திட்டமும் ஆளும் பொருந்துவது பற்றிப் படிக்க இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

படி 1: திட்டத்தை மூன்றாகப் பிரியுங்கள்

எந்தத் தடுப்பாட்டத் திட்டத்திலும் மூன்று பகுதிகள் உண்டு. முன்வரிசை எப்படி நின்று எந்த இடைவெளிகளை அடைக்கிறது என்பது முதலாவது. பந்து வீசப்படும்போது பின்வரிசை ஆளைக் காக்கிறதா, இடத்தைக் காக்கிறதா என்பது இரண்டாவது. தாக்கும் அணியில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை நெருக்க எத்தனை பேரை, எங்கிருந்து அனுப்புகிறார்கள் என்பது மூன்றாவது. புதிய பயிற்சியாளரின் முந்தைய அணி ஆடிய இரண்டு மூன்று ஆட்டங்களைப் பார்த்து, இந்த மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பிரவுனின் முறையில் ஆளுக்கு ஆள் காவலும் அடிக்கடி வரும் பிளிட்ஸும் (கூடுதல் ஆட்களை அனுப்பி நெருக்குவது) அடித்தளமாக இருந்தன. மெக்டொனால்டின் முறையோ ஒரே தோற்றத்தில் நின்றுகொண்டு, பந்து எடுக்கப்பட்டபின் பல வகைக் காவலாக மாறுவதை நம்பியிருந்தது.

படி 2: வீரர் பட்டியலை வேலைவாரியாக எழுதுங்கள்

அணியின் இணையதளத்தில் ஒருவரை "டிஃபென்சிவ் எண்டு" (முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) என்று போட்டிருந்தால் அதை அப்படியே நகல் எடுக்காதீர்கள். அவரால் இரண்டு தடுப்பாளர்களின் மோதலைத் தாங்கி நிற்க முடியுமா, வெளிப்புறத்தைச் சுற்றி ஓடிக் குவார்ட்டர்பேக்கை அடைய முடியுமா, தேவைப்பட்டால் பின்வாங்கிக் குறுகிய வீச்சைக் காக்க முடியுமா என்று கேட்டு, முடிந்த வேலைகளை மட்டும் அவர் பெயருக்கு நேராக எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இருவர் இருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். கல்லூரிப் பட்டியலில் நூறு பேருக்கு மேல் இருந்தாலும், பெரிய ஆட்டத்தில் தடுப்பாட்டப் பக்கம் நம்பி இறக்கக்கூடியவர்கள் இருபது பேரைச் சுற்றித்தான் இருப்பார்கள்.

படி 3: மிகச் சிறந்த ஓரிருவரிடமிருந்து தொடங்குங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். மற்ற எல்லாமே இதைச் சார்ந்திருக்கின்றன. திட்டத்தின் வரைபடத்தை முதலில் வைத்து அதற்குள் ஆட்களைத் திணிக்க முயன்றால், அணியின் மிகச் சிறந்த வீரர் தனக்கு ஒவ்வாத வேலையில் மாட்டிக்கொள்வார். மிச்சிகனில் அந்தச் சிறந்த வீரர் ஏடன் ஹட்சின்சன். காயத்தால் 2020 பருவத்தின் பிற்பாதியை இழந்த அவர், என்எஃப்எல் தேர்வுக்குப் போகாமல் மீண்டும் ஓராண்டு தங்கினார். மெக்டொனால்டு அவரைப் பல தருணங்களில் கையைத் தரையில் ஊன்றாமல் நின்ற நிலையில் ஓரத்தில் நிறுத்தினார். எதிர் ஓரத்தில் டேவிட் ஒஜாபோ வந்தார். நைஜீரியாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்து, உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில்தான் இந்த ஆட்டத்துக்கு வந்த அவர், அதற்கு முன் கல்லூரிக் களத்தில் மிகக் குறைவாகவே இறங்கியிருந்தார். அந்தப் பருவத்தில் ஹட்சின்சன் 14 சாக்குகளுடன் (பந்தை வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது சாக்) பல்கலைக்கழகச் சாதனை படைத்தார்; ஒஜாபோ 11 எடுத்தார்.

இருவரும் ஓரங்களில் தாமாகவே நெருக்கடி தந்ததால், பயிற்சியாளர் ஐந்து ஆறு பேரை அனுப்ப வேண்டிய தேவை குறைந்தது. நால்வரை மட்டும் அனுப்பி, எஞ்சிய எழுவரைக் காவலுக்கு நிறுத்த முடிந்தது. முன்வரிசையில் சரியாக அமர்ந்த இரண்டு பேர் பின்வரிசையின் சுமையை எப்படிக் குறைக்கிறார்கள் என்பதை இங்கே கவனியுங்கள்.

மறுபக்கச் சான்றும் உண்டு. 2022-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வந்த ஜிம் நோல்ஸ், முன்வரிசைக்கும் லைன்பேக்கருக்கும் இடைப்பட்ட "ஜாக்" என்ற பொறுப்பைக் கொண்டுவந்து ஜாக் சாயரை அதில் ஆடவைத்தார். அது அவருக்குப் பொருந்தவில்லை. அடுத்த ஆண்டு சாயர் வழக்கமான டிஃபென்சிவ் எண்டு இடத்துக்கே திரும்பினார்; 2024 பருவத்தில் அந்த அணி தேசியப் பட்டம் வென்றபோது அதன் தூண்களில் ஒருவராக இருந்தார். தன் திட்டத்தின் தனி அடையாளமாக இருந்த ஒன்றையே வீரருக்காகக் கைவிட்ட நோல்ஸின் முடிவை, நல்ல பயிற்சிக்கான சான்றாகவே நான் மதிக்கிறேன்.

படி 4: முன்வரிசையின் நடுவில் நிற்பவர்களின் எடையைப் பாருங்கள்

முன்வரிசை வீரர் ஒருவர் ஓர் இடைவெளியை மட்டும் அடைத்துப் பாய்ந்து செல்வது ஒரு முறை; எதிரே நிற்பவரைப் பிடித்து நிறுத்தி அவருக்கு இருபுறமும் உள்ள இரண்டு இடைவெளிகளையும் கவனிப்பது இன்னொரு முறை. இரண்டாவதற்கு 300 பவுண்டுக்கு மேற்பட்ட, கால்வலுவுள்ள ஆட்கள் வேண்டும். அத்தகையவர் ஒருவர்கூட இல்லையென்றால், திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் ஆண்டில் ஓர் இடைவெளி முறையிலேயே நிற்பதுதான் அறிவு.

படி 5: காவல் முறையைக் கார்னர்பேக்குகளைப் பார்த்துத் தீர்மானியுங்கள்

ஆளுக்கு ஆள் காவல் என்பது, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களைப் பின்வரிசையின் ஓரங்களில் காக்கும் கார்னர்பேக்கின் தனித்திறமை மீது வைக்கப்படும் பந்தயம். 2020 அக்டோபர் 31 அன்று மிச்சிகன் அதில் தோற்றது. மிச்சிகன் ஸ்டேட் அணியின் முதலாண்டு வீரர் ரிக்கி வைட், எட்டுப் பந்துகளைப் பிடித்து 196 கெஜம் எடுத்தார். மிச்சிகன் 27-24 எனத் தோற்றது. அணியின் அனுபவமிக்க கார்னர்பேக் ஆம்ப்ரி தாமஸ் பெருந்தொற்றுக் காலத்தில் ஆடுவதில்லை என முடிவெடுத்திருந்தார். அவர் இல்லாத நிலையிலும் பழைய முறையே தொடர்ந்தது. முறை தவறானது என்று சொல்ல முடியாது. அதை ஆடக்கூடியவர்கள் அந்த ஆண்டு அங்கே இல்லை. 2021-இல் இடத்தைக் காக்கும் முறைகள் கூடுதலாகக் கலக்கப்பட்டபோது, பந்து தலைக்கு மேல் போகும் ஆபத்தில் பின்வரிசைக்குத் துணை கிடைத்தது.

என்எஃப்எல்லிலிருந்து வரும் பயிற்சியாளர் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு களத்திலேயே வரையப்பட்டிருக்கிறது. களத்தின் அகலம் 160 அடி. பந்து வைக்கப்படும் இடத்தின் எல்லையான இரு ஹாஷ் கோடுகளுக்கு இடையே என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். கல்லூரியில் 40 அடி. பந்து ஒரு ஹாஷில் இருந்தால், கல்லூரிக் களத்தில் ஒருபுறம் 60 அடியும் மறுபுறம் 100 அடியும் கிடக்கும். ஆகவே அகன்ற பக்கத்தில் நிற்கும் சேஃப்டி (பின்வரிசையின் கடைசிக் காவலர்) நன்றாக ஓடக்கூடியவராக இருக்க வேண்டும். மெதுவானவரைக் குறுகிய பக்கம் நிறுத்தலாம். இரண்டு சேஃப்டிகளுக்கும் தனித்தனி வேலை தரும் இந்த ஏற்பாட்டை உங்கள் பட்டியலிலும் குறியுங்கள்.

படி 6: நிக்கல் இடத்துக்கு யார்?

கல்லூரியில் ஓட்டமா வீச்சா என்பதைப் பந்து எடுத்தபின் குவார்ட்டர்பேக் முடிவுசெய்யும் ஆர்பிஓ ஆட்டங்கள் மிகுதி. வீச்சின்போது தாக்கும் அணியின் முன்வரிசையினர் மூன்று கெஜம் வரை முன்னேற விதி இடம்தருகிறது. என்எஃப்எல்லில் ஒரு கெஜம்தான். அதனால் பின்வரிசையின் ஐந்தாவது ஆளான நிக்கலாக நிற்பவர் ஓட்டத்தையும் மறித்து, வேகமான ரிசீவரையும் காக்க வேண்டும். மிச்சிகனில் சேஃப்டியான டேக்ஸ் ஹில் அந்த இடத்துக்கு நகர்த்தப்பட்டார். இப்படியொருவர் உங்கள் பட்டியலில் இல்லையென்றால், மூன்றாவது லைன்பேக்கரை வைத்து ஒப்பேற்ற நினைக்காமல், இந்த இடத்துக்குத்தான் முதலில் ஆள் தேடுங்கள். இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஆயத்தமான ஒருவரைக் கொண்டுவர முடியும்.

படி 7: கற்பிக்கக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

வசந்தகாலத்தில் 15 பயிற்சி நாட்களே அனுமதி. பருவத்தின்போது வாரத்துக்கு 20 மணி நேர வரம்பு உண்டு. மாணவர்கள் வகுப்புக்கும் போக வேண்டும். ஆகவே புதிய திட்டத்தின் முழுக் கையேட்டையும் முதல் வசந்தத்தில் இறக்கிவைக்க முடியாது. இரண்டு முன்வரிசை அமைப்புகள், மூன்று காவல் முறைகள், நான்கு நெருக்கடிகள் என்ற அளவில் தொடங்கி, அவற்றைத் தடுமாறாமல் ஆடியபின் கூட்டுவதே என் பரிந்துரை. பழைய கட்டளைச் சொற்களில் எவற்றை வைத்துக்கொள்ளலாம் என்பதையும் பாருங்கள். தெரிந்த சொல் ஒன்றை மாற்றாமல் விட்டால் ஒரு பாடம் மிச்சமாகும். 2024 முதல் களத்திலுள்ள ஒரு தடுப்பாட்ட வீரரின் ஹெல்மெட்டுக்குப் பயிற்சியாளர் நேரடியாகப் பேசலாம். ஆனால் அடுத்த முயற்சியைத் தொடங்குவதற்கான பிளே க்ளாக்கில் 15 வினாடி இருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்படும். அதன்பின் எதிரணி அமைப்பை மாற்றினால், அந்த வீரரே மற்ற பத்துப் பேரையும் திருத்த வேண்டும். யாரிடம் அந்தப் பொறுப்பைத் தருகிறீர்கள் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள்.

படி 8: வேகத்தைக் கொண்டு சோதியுங்கள்

சூழலுக்கேற்ப ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கும் திட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. தாக்கும் அணி ஆளை மாற்றினால்தான் தடுக்கும் அணிக்கும் மாற்ற அவகாசம் கிடைக்கும். மாற்றாமல் விரைந்து அடுத்த முயற்சியைத் தொடங்கினால் நிற்பவர்களே ஆட வேண்டும். 2021 அக்டோபர் 30 அன்று மிச்சிகன் ஸ்டேட் இதைப் பயன்படுத்தியது. கென்னத் வாக்கர் 197 கெஜம் ஓடி ஐந்து டச்டவுன் எடுத்தார். 37-33 என மிச்சிகன் அப்பருவத்தின் முதல் தோல்வியைச் சந்தித்தது. எனவே, நீங்கள் எழுதிய அமைப்புகளில் ஆளை மாற்றாமலே ஓட்டத்துக்கும் வீச்சுக்கும் ஈடுகொடுக்கக்கூடியது ஒன்றாவது இருக்கிறதா என்று சரிபாருங்கள். அந்தத் தோல்விக்குப்பின் ஒரு மாதத்துக்குள், நவம்பர் 27 அன்று, அதே மிச்சிகன் ஒஹாயோ ஸ்டேட்டை 42-27 என வென்றது. ஹட்சின்சன் மூன்று சாக்குகள் எடுத்தார்.

மெக்டொனால்டு ஓராண்டிலேயே ரேவன்ஸுக்குத் திரும்பினார். அவர் இடத்துக்கு வந்த ஜெஸ்ஸி மின்டரும் அதே ரேவன்ஸ் பயிற்சிக் குழுவில் பணியாற்றியவர் என்பதால், வீரர்கள் கற்ற சொற்களும் அமைப்புகளும் பெரும்பாலும் தொடர்ந்தன. 2023 பருவத்தில் அணி 15 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. உங்கள் அணிக்கும் முந்தையவரின் வழிவந்த ஒருவரே பொறுப்பேற்றால், முதல் படியையும் ஏழாம் படியையும் விரைவாகக் கடந்து, மிச்சமாகும் நேரத்தை மூன்றாம் படிக்குக் கொடுங்கள்.