ஜெர்மனியில் கலை, டிசைன் முதுகலை: மார்க் ஷீட்டுக்கு முன் மாப்பெ

ஜெர்மனிக்கு வந்து இறங்கி, முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, காப்பீடு என்று ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் பலருக்கும் தங்கள் படிப்பு ஞாபகத்துக்கு வருகிறது. ஐ.டி., பொறியியல் என்றால் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஓவியம், விஸ்காம், டெக்ஸ்டைல், பொருள் வடிவமைப்பு என்று படித்துவிட்டு வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் "சி.ஜி.பி.ஏ. எவ்வளவு, ஐ.இ.எல்.டி.எஸ். எவ்வளவு" என்று பொறியியல் மாணவரிடம் கேட்பதையே உங்களிடமும் கேட்பார்கள். அந்த எண்கள் வாசல் வரைக்கும்தான் துணைக்கு வரும். உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது 'மாப்பெ', அதாவது நாம் போர்ட்ஃபோலியோ என்று சொல்லும் உங்கள் படைப்புத் தொகுப்பு. ஆனால் அதைக் கட்ட உட்காரும் முன், எந்த இடத்துக்காகக் கட்டுகிறோம் என்பது தெரிந்தாக வேண்டும்.

எங்கே படிப்பது

இங்கே கலை சொல்லித் தரும் இடங்கள் ஒரே ரகம் இல்லை. டுஸ்ஸல்டோர்ஃப், மியூனிக், நியூரன்பர்க் போன்ற ஊர்களில் உள்ள அகாடமிகள் பெரும்பாலும் நுண்கலைக்கானவை. அங்கே 'வகுப்பு' என்பது ஒரு பேராசிரியரைச் சுற்றியுள்ள மாணவர் கூட்டம். இரண்டாம் ஆண்டு மாணவரும் கடைசி ஆண்டு மாணவரும் ஒரே ஸ்டுடியோவில் வேலை செய்வார்கள். பல அகாடமிகளில் நுண்கலைக்கு இளங்கலை, முதுகலை என்ற பிரிவே கிடையாது. நீண்ட ஒரே படிப்பு, அதற்கு மேல் 'மைஸ்டர்ஷூலர்' என்று கூடுதலாக ஒரு கட்டம், அவ்வளவுதான். அதனால் 'மாஸ்டர்' என்று தேடினால் இந்த இடங்கள் கண்ணிலேயே படாது. ஏற்கெனவே நுண்கலைப் பட்டம் வைத்திருப்பவர்கள், மேல் செமஸ்டரில் நேரடியாகச் சேர முடியுமா என்று கேட்டு எழுத வேண்டும்.

டுஸ்ஸல்டோர்ஃபைச் சொல்லும்போது யோசெஃப் பாய்ஸ் என்ற கலைஞரைச் சொல்லாமல் போக முடியாது. 1961 முதல் அங்கே பேராசிரியராக இருந்தவர், தேர்வில் தள்ளப்பட்டவர்களையும் என் வகுப்பில் சேர்ப்பேன் என்று அடம்பிடித்து, அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டார். 1972-ல் வேலை போயிற்று. இன்று அப்படி யாரும் நமக்காக உட்காரப்போவதில்லை.

டிசைனுக்கு வருவோம். பெர்லினில் கலைப் பல்கலைக்கழகமும் வைஸன்ஸேயும், ஹாலேயில் புர்க் கீபிக்கென்ஷ்டைன், பிராங்க்பர்ட்டை ஒட்டிய ஓஃபன்பாக் என்று கலைக்கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றைத் தவிர 'ஃபாக்ஹோக்ஷூல' எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களிலும் நல்ல டிசைன் துறைகள் உண்டு. பாட்ஸ்டாம், மியூன்ஸ்டர், கொலோன் மூன்றையும் பார்க்காமல் விடாதீர்கள். பெயர் பெரிதாக இல்லையே என்று இவற்றை ஒதுக்குவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே பட்டத்தின் மதிப்பு அப்படிக் குறைவதில்லை.

அதிகம் பேசப்படாத ஊர்களிலும் சில தனித்தன்மையான துறைகள் ஒளிந்திருக்கின்றன. எழுத்துரு, புத்தக வடிவமைப்பு என்றால் 1764-ல் தொடங்கிய லைப்ஸிக் கல்லூரி. நகை, ரத்தினக்கல் என்றால் ஈடார்-ஓபர்ஷ்டைன். பீங்கான், கண்ணாடி என்றால் ஹோர்-கிரென்ஸ்ஹவுசன். புகைப்படம் என்றால் எஸ்ஸன். பவ்ஹவுஸ் என்ற புகழ்பெற்ற பழைய டிசைன் பள்ளியின் பெயருக்காக மட்டும் வைமாருக்கு எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம்: 1919-ல் வைமாரில் தொடங்கிய அந்தப் பள்ளி 1925-ல் டெசாவுக்குப் போய், 1933-ல் பெர்லினில் மூடப்பட்டது. இன்றைய வைமார் பல்கலைக்கழகம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது 1996-ல். நல்ல இடம்தான். ஆனால் நீங்கள் சேரப்போவது இன்றைய ஆசிரியர்களிடம்.

அந்த ஆசிரியர்களையும் மாணவர்களையும் நேரில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுக்கொரு முறை கதவைத் திறந்து மாணவர் வேலைகளைக் காட்சிக்கு வைக்கும். இதைப் பொதுவாக 'ருண்ட்காங்' என்பார்கள். டுஸ்ஸல்டோர்ஃப், லைப்ஸிக் பக்கம் பிப்ரவரியை ஒட்டி, பெர்லின், ஹாலே பக்கம் ஜூலையில். யார் வேண்டுமானாலும் போகலாம். ஊரில் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இல்லாத ஒரே வசதி இது, ஏற்கெனவே இங்கே வந்துவிட்ட நீங்கள் இதைப் பயன்படுத்தாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். கையில் ஒரு நோட்டோடு போங்கள். பிடித்த வேலையின் அருகில் நிற்கும் மாணவரிடம், எந்தப் பேராசிரியர், உங்கள் மாப்பெயில் என்ன வைத்தீர்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், பேசுவதற்காகத்தான் அவர்கள் அங்கே நிற்கிறார்கள்.

மாப்பெ

எத்தனை வேலைகள், எந்த அளவு, காகிதமா பி.டி.எஃப்.பா என்பதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பத்து முதல் இருபது வேலைகள் கேட்பது வழக்கம். கேட்டதைவிட அதிகமாக வைக்காதீர்கள். இருபத்தைந்தில் எதை விடுவது என்று தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள்.

நம்மவர்கள் தொகுப்பைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். எல்லாம் முடிந்த வேலை, எல்லாம் பளபளப்பு. அச்சு அசலான பென்சில் உருவப்படம், வாடிக்கையாளருக்குச் செய்த லோகோ, காபிக் கோப்பையில் ஒட்டிக் காட்டிய மாக்கப், பத்து மென்பொருள்களின் பெயரும் அதற்கு நட்சத்திர மதிப்பெண்ணும். இவை வேலை தேடும்போது உதவும். முதுகலைத் தேர்வுக் குழு தேடுவது வேறு: இந்த ஆள் எதைப் பற்றி யோசிக்கிறார், ஒரு கேள்வியை எவ்வளவு தூரம் துரத்துகிறார், தவறிய முயற்சியிலிருந்து என்ன எடுத்தார்.

ஒரு உதாரணம். தமிழ் எழுத்தை வைத்து ஒரு போஸ்டர் செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். முழுப் பக்கத்தில் அந்தப் போஸ்டரை மட்டும் வைத்தால் குழுவில் இருப்பவர்களுக்கு அது அழகான வளைவு, அவ்வளவுதான். அதே வேலையை நாலு பக்கமாக விரித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஒரு பேருந்து நிறுத்தப் பலகையின் புகைப்படம்: ஆங்கிலம் ஒரு வரியில் முடிய, தமிழ் இடம் போதாமல் நசுங்கிக் கிடக்கிறது. இரண்டாவதில் 'ணை', 'ஞ்சு' போன்ற அகலமான எழுத்துகளை எப்படிக் குறுக்கலாம் என்று கையால் வரைந்த இருபது முயற்சிகள், ஒத்துவராதவற்றின் மேல் அடித்த கோட்டோடு. மூன்றாவதில் தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா என்று சுவரில் ஒட்டிப் பார்த்தது. கடைசியில்தான் போஸ்டர். தமிழ் தெரியாத ஒருவர்கூட இப்போது உங்களோடு நடந்து வர முடியும். பக்கத்துக்கு இரண்டு வரி விளக்கம் போதும்.

கோலம், கோபுரம், பரதநாட்டிய முத்திரை என்று 'நம் கலாச்சாரம்' வைத்தால் வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று யாராவது சொல்வார்கள். அலங்காரமாக வைத்தால் சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருக்கும். அதில் உங்களுக்கு உண்மையிலேயே ஒரு கேள்வி இருந்தால் தாராளமாக வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அலுவலகத்தில் குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எல்லாம் சொந்த வேலைதான் என்று கையெழுத்துப் போட்ட உறுதிமொழியைப் பல கல்லூரிகள் கேட்கும்.

விண்ணப்பிக்கும் முன்பே தொகுப்பைக் காட்டிக் கருத்துக் கேட்கும் ஆலோசனை நேரங்களும் பல கல்லூரிகளில் உண்டு. 'மாப்பென்பெராட்டுங்' என்று தேடுங்கள். பெரும்பாலும் காசு கிடையாது. போனால் முகத்துக்கு நேராக, "இது எனக்குச் சலிப்பாக இருக்கிறது" என்பார்கள். அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் எந்தப் பக்கத்தில் சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

பேராசிரியருக்குத் தனியாக மின்னஞ்சல் எழுதுவதும் தவறில்லை. "மதிப்பிற்குரிய ஐயா, பணிவான வணக்கம்" என்று நீட்டாமல், 'ஃப்ராவ்' அல்லது 'ஹெர்' போட்டுக் குடும்பப் பெயர், நீங்கள் யார் என்று இரண்டு வரி, அவருடைய எந்த வேலையைப் பார்த்து எழுதுகிறீர்கள், ஒரே ஒரு கேள்வி, சிறிய பி.டி.எஃப். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை ஞாபகப்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம்.

டிசைன் முதுகலைகள் பலவற்றில் தொகுப்போடு ஒரு திட்ட வரைவும் கேட்பார்கள்: இங்கே வந்து எதை ஆராயப்போகிறீர்கள்? "சமூகத்துக்குப் பயனுள்ள வடிவமைப்பு" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். யாருக்கு, எந்த இடத்தில், என்ன பொருள் என்று கை வைத்துக் காட்டும்படி இருக்க வேண்டும். அப்புறம் நேர்காணல். பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிடம். தொகுப்பில் எதை எடுத்துவிடலாம் என்று உங்களையே கேட்கலாம். நமக்கு எதிரில் பேராசிரியர் இருந்தால் தலையாட்டுவதே வழக்கம். இங்கே மறுத்துப் பேசினால் மதிப்பு கூடும், காரணம் சொல்லி மறுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

காகித வேலை

இதைச் சலித்துக்கொண்டாவது சீக்கிரம் தொடங்குங்கள். இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்றிதழ் என்ற சரிபார்ப்பு வந்திருக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும். இலங்கைப் பட்டங்களுக்கு இது இல்லை. வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட்டுத் தரும் 'ஊனி-அசிஸ்ட்' வழியாகத்தான் சில கல்லூரிகள் விண்ணப்பம் வாங்கும். அதற்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்து ஒவ்வொன்றும் 30 யூரோ. மற்றவை நேரடியாகத் தங்கள் தளத்திலேயே வாங்கும்.

மூன்றாண்டுப் பட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று. இளங்கலையும் முதுகலையும் சேர்ந்து 300 கிரெடிட் (ஐரோப்பியப் படிப்புப் புள்ளி, ECTS) வர வேண்டும் என்பது இங்கே பொது விதி. இரண்டு செமஸ்டர் முதுகலை 240 கிரெடிட் இளங்கலையை எதிர்பார்க்கும், நான்கு செமஸ்டர் முதுகலைக்கு 180 போதும். மூன்றாண்டு விஸ்காம் படித்தவர்கள் நான்கு செமஸ்டர் படிப்பையே தேடினால் பாதி நிராகரிப்புகளைத் தவிர்க்கலாம்.

ஜூலை 15 கடைசித் தேதி என்று எங்கும் கேள்விப்படுவீர்கள். அதை நம்பி உட்காராதீர்கள். கலைப் படிப்புகளுக்குத் தொகுப்பைப் பார்க்க நேரம் வேண்டும் என்பதால், அக்டோபர் சேர்க்கைக்கான தேதி பெரும்பாலும் வசந்த காலத்திலேயே முடிந்துவிடும். ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள் இருக்கின்றன, ஆனால் குறைவு. பி2 நிலை வரை ஜெர்மன் மொழி தெரிந்திருந்தால் பட்டியல் பல மடங்கு நீளும்.

பணம், விசா

அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். பாடன்-வியூர்ட்டம்பர்க் விதிவிலக்கு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் செமஸ்டருக்கு 1500 யூரோ. ஷ்டுட்கார்ட்டும் கார்ல்ஸ்ரூஹேயும் அந்த மாநிலத்தில்தான். சில வகை வதிவிட அனுமதிக்கு விலக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள். முகவர்கள் உங்களைத் தனியார் கல்லூரிப் பக்கம் தள்ளப் பார்ப்பார்கள், அவர்களுக்குக் கமிஷன் அங்கேதான். தொகுப்பைப் பார்க்காமலேயே "இடம் உறுதி" என்று ஒரு டிசைன் முதுகலை சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

கணவன் அல்லது மனைவியின் வேலையை ஒட்டிக் குடும்ப விசாவில் வந்தவர்கள் படிப்பதற்கென்று தனி விசாவுக்கு மாற வேண்டியதில்லை, முடக்கக் கணக்கும் (செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் வங்கிக் கணக்கு) வேண்டாம். துணைவர் அரசுக் காப்பீட்டில் இருந்து, உங்களுக்குத் தனி வருமானம் இல்லையென்றால், அதே குடும்பக் காப்பீட்டில் தொடரலாம். மாணவர் காப்பீட்டுச் சலுகை 30 வயதோடு முடிகிறது என்பதால் இது பெரிய விஷயம். மாணவர் விசாவில் வருபவர்களுக்கு முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ (2025 நிலவரம்), ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி. நுண்கலை, டிசைன், திரைப்படத் துறைகளுக்கென்றே டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு தனி உதவித்தொகை தருகிறது. ஆனால் விண்ணப்பிக்கும் முன் எவ்வளவு காலம் இங்கே இருந்திருக்கலாம் என்பதற்கு அதில் வரம்பு உண்டு, அதனால் வந்த புதிதிலேயே பார்த்துவிடுங்கள்.

முதல் முறை கிடைக்காவிட்டால் அந்த ஓராண்டை வீணாக்க வேண்டாம். பல கல்லூரிகளில் 'காஸ்ட்ஹோரர்' என்று சிறு கட்டணத்தில் விருந்தினர் மாணவராக விரிவுரைகளில் உட்காரலாம். பட்டம் கிடைக்காது, பட்டறைகளில் இடம் கிடைப்பதும் நிச்சயமில்லை. ஆனால் அங்கே எப்படி விமர்சிக்கிறார்கள் என்று காதால் கேட்ட பிறகு செய்யும் மாப்பெ வேறு மாதிரி இருக்கும். நிராகரித்த கல்லூரிக்கே மறுபடி விண்ணப்பிக்கலாம், பெரும்பாலான இடங்களில் தடை இல்லை. பழைய வேலைகளில் பாதியையாவது மாற்றிவிட்டு அனுப்புங்கள்.