யுஎஸ்பி சாதனத்துக்குச் சரியான டிரைவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் மன்னார்குடி, தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் மண்டிகளில் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும்: "தராசை லேப்டாப்புல மாட்டினேன், எடை வரமாட்டேங்குது, என்ன டிரைவர் போடணும்?" தராசின் பெயரைப் போட்டு கூகுளில் தேடாதீர்கள். தராசு கணினியின் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் இருக்கிற யுஎஸ்பி–சீரியல் கேபிளுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறதே, அதற்குத்தான் டிரைவர், அதாவது அதோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள், வேண்டும்.

படி 1: கேபிளை மாட்டுங்கள். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். டிரைவர் இல்லாத சாதனம் பெரும்பாலும் 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழ் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கும். எது என்று குழப்பமா? கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். மறைந்து திரும்ப வருகிற வரிதான் அது.

படி 2: இதுதான் முக்கியம். அந்த வரியை டபுள் கிளிக் செய்து, 'டீடெயில்ஸ்' டேபில் 'பிராப்பர்ட்டி' பட்டியலைத் திறந்து 'ஹார்ட்வேர் ஐடிஸ்' தேர்ந்தெடுங்கள். விஐடி, பிஐடி என்று இரண்டு நான்கிலக்கக் குறியீடுகள் தெரியும். முதலாவது நிறுவனத்தைக் குறிக்கும், இரண்டாவது பொருளைக் குறிக்கும். எண்களோடு ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்து வரலாம்.

1ஏ86, 7523 என்றிருந்தால் சிஎச்340 சிப். மலிவுக் கேபிள்களில் இதுதான் அதிகம். 0403, 6001 என்றால் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப். 067பி, 2303 என்றால் புரொலிஃபிக் நிறுவனத்தின் சிப். இந்தப் புரொலிஃபிக்கில் மட்டும் ஒரு வம்பு உண்டு: பழைய சிப்பாக இருந்தால், புது விண்டோஸில் சாதனத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்திலேயே '2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்' என்கிற மாதிரி ஆங்கில வரி வந்து நிற்கும். பழைய டிரைவரைத் தேடி மல்லுக்கட்டலாம்தான். புதுக் கேபிள் வாங்குவதே நிம்மதி என்பேன்.

விஐடி 0000, பிஐடி 0002 என்று காட்டினால் டிரைவர் தேடுவதையே நிறுத்துங்கள். சாதனம் தன்னை யாரென்று கணினிக்குச் சொல்லவே இல்லை. கேபிளை மாற்றுங்கள், வேறு துளையில் செருகுங்கள், நடுவில் ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் பெட்டி) இருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 3: முதலில் விண்டோஸ் அப்டேட்டுக்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அப்புறம் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பாருங்கள். அங்கே இல்லையென்றால் சிப் தயாரித்த நிறுவனத்தின் தளம். அதுவும் சரிவரவில்லையா, மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் இணையதளத்தில் அந்த விஐடி, பிஐடி வரியை அப்படியே ஒட்டித் தேடுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்' என்று கூவுகிற மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

படி 4: டிரைவர் ஏறியதும் 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் காம்3, காம்5 என்று ஒரு போர்ட் எண் வரும். பில் போடும் மென்பொருளிலும் அதே எண்ணைக் கொடுங்கள். சிஎச்340 கேபிளை வேறு துளையில் மாட்டினால் இந்த எண் மாறிவிடக்கூடும். நேற்று வந்த எடை இன்று வராததற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஒரே துளையை வைத்துக்கொள்ளுங்கள்.

இ-சேவை மையம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆதாருக்கான கைரேகைக் கருவிக்கு டிரைவர் மட்டும் போதாது. அந்தக் கருவியின் நிறுவனம் தரும் ஆர்டி சர்வீஸ் என்ற, ரேகையைப் பாதுகாப்பாக ஆதாருக்கு அனுப்ப உதவும் மென்பொருளையும் நிறுவினால்தான் ரேகை பதியும்.