ஞாயிறு ஓய்வு சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கட்டும்

சென்னையில் சபைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறுதான் வாரத்திலேயே அதிக வேலையுள்ள நாள். காலை ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு பயிற்சி, அப்புறம் ஒரு கமிட்டி கூட்டம். வீட்டுக்கு வந்தால் மட்டன் குழம்பு வேறு!

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறையும்போதே ஆரம்பித்துவிடும். அதையே கொஞ்சம் மாற்றி, சனி மாலை 6 மணிக்கு எங்கள் ஓய்வைத் தொடங்குகிறோம். அதற்குள் மாவு அரைத்து, துணி தேய்த்து, மறுநாளைக்குக் காய் நறுக்கி வைத்துவிடுவோம். ஞாயிறு மதியம் ஒரே குழம்பு, ஒரு பொரியல். 2 முதல் 4 வரை எல்லார் போனும் பீரோவுக்குள். முதல் இரண்டு வாரம் கை பரபரக்கும், பிறகு தூக்கம் வரும்.

சபை வேலையில் ஒன்றையாவது விட்டுக்கொடுங்கள். குற்ற உணர்ச்சி வந்தால் மாற்கு 6:31 படியுங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களை இளைப்பாற அழைத்தவர் இயேசுவேதான்.

வீட்டில் அமைதி கிடைக்காதவர்கள் வாரநாளில் பரங்கிமலைக்குப் போகலாம். பக்கத்திலேயே ரயில் நிலையம், மேலே நல்ல காற்று. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.